ஆஷஸ் டு ஆஷஸ்: திட்டு வாங்கித் தொடங்கிய ஒரு கிளைத்தொடர் – கேள்வியும் பதிலும்

புகழ்பெற்ற ஒரு போலீஸ் தொடர் முடிந்த மறுவருடமே அதிலிருந்து இன்னொன்று வந்தால் விமர்சகர்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்வார்கள். பிபிசியின் ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ தொடருக்கு அதுதான் நடந்தது. 2008-ல் கிடைத்த வரவேற்பும் 2010-ல் கிடைத்த வழியனுப்பலும் ஒரே தொடருக்குத்தானா என்று சந்தேகம் வரும். இடையில் என்ன ஆனது என்பதைக் கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறேன். கதை முடிவைப் போட்டு உடைக்கும் இடம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இது எந்தத் தொடரின் கிளை?

‘லைஃப் ஆன் மார்ஸ்’. 2006 ஜனவரியில் தொடங்கி 2007 ஏப்ரலில் முடிந்தது. மொத்தமே 16 எபிசோடுதான். மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி சாம் டைலர் (ஜான் சிம்) 2006-ல் கார் மோதி விழுகிறார், கண் திறந்தால் 1973. தனக்குப் பைத்தியமா, கோமாவில் இருக்கிறோமா, நிஜமாகவே காலம் தாண்டி வந்துவிட்டோமா என்று அவருக்கே தெரியாது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்ப்பவர் ஜீன் ஹன்ட் (ஃபிலிப் கிளெனிஸ்டர்). முதலில் அடித்துவிட்டு அப்புறம் விசாரிக்கிற ரகம்.

கிளைத்தொடரில் அதே ஜீன் ஹன்ட், தன் ஆட்கள் ரே, கிறிஸ் இருவரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு மாறியிருக்கிறார். வருடம் 1981. இந்த முறை காலத்தைத் தாண்டி வந்து விழுபவர் அலெக்ஸ் டிரேக் (கீலி ஹாஸ்). லண்டன் போலீஸில் உளவியல் நிபுணர், ஒரு சிறுமிக்குத் தாய். 2008-ல் ஒருவன் அவரைச் சுடுகிறான், கண் விழித்தால் தேம்ஸ் நதியில் ஒரு படகு பார்ட்டி. மூன்று சீசன், சீசனுக்கு எட்டாக 24 எபிசோடு. 2008 பிப்ரவரி 7-ல் தொடங்கி 2010 மே 21-ல் முடிந்தது.

முதல் தொடரையே மூன்றாவது சீசனுக்கு நீட்டியிருக்கலாமே?

ஜான் சிம் தொடர விரும்பவில்லை. சாம் டைலர் இல்லாத காட்சியே அந்தத் தொடரில் கிடையாது. எல்லாம் அவர் கண் வழியாகத்தான் நகரும். அப்படி ஒரு வேடத்தை வருடக்கணக்கில் சுமப்பது எளிதல்ல. தவிர, சாமின் கதை முடிந்தும் விட்டது. ஆனால் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டவர் ஜீன் ஹன்ட். அவரைக் கைவிட பிபிசிக்கு மனமில்லை, உருவாக்கியவர்களில் மேத்யூ கிரஹாம், ஆஷ்லி ஃபரோவா இருவருக்கும் மனமில்லை.

வணிகக் கணக்கு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 70-களிலிருந்து 80-களுக்குத் தாவியதில் ஒரு யோசனையும் இருந்தது. 1973-ல் ஜீன் ஹன்ட் தன் ராஜ்யத்தின் நடுவில் இருக்கிறார். 1981-ல் அவருடைய காலம் முடியத் தொடங்கிவிட்டது. இந்தக் கோணம் முதல் சீசனில் சரியாக வெளிப்படவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் எபிசோடுக்கு வரவேற்பு எப்படி?

கூட்டம் வந்தது. சுமார் 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் இறங்கியது, ஆனால் சரிந்துவிடவில்லை.

பத்திரிகைகளின் டிவி பக்கங்களில் மட்டும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், ‘பாட்டு, உடை, கார், வசனம் எல்லாம் ஜோர், ரசித்துவிட்டுப் போங்கள்’ என்றார்கள். இன்னொரு சாரார், ‘முதல் தொடரில் இருந்த பயமும் சோகமும் எங்கே?’ என்று கேட்டார்கள். முதல் எபிசோடின் கடைசியில் ஜீனும் ரேயும் கிறிஸும் கையில் துப்பாக்கியோடு தேம்ஸ் நதியில் வேகப்படகில் பாய்ந்து வருவார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் இரண்டையும் செய்தேன்.

விமர்சகர்கள் சொன்ன பெரிய குறை என்ன?

கதாநாயகிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருப்பது. சாம் டைலரின் 1973 அனுபவம் பற்றிய ஃபைலை ஆராய்ச்சி செய்தவரே அலெக்ஸ்தான். அதனால் 1981-ல் கண் விழித்ததும், ‘சரி, இது என் மூளை கட்டிய உலகம், இவர்கள் எல்லாம் என் கற்பனை’ என்ற முடிவோடுதான் நடமாடுகிறார். எதிரில் நிற்பவர்களிடமே ‘நீங்கள் நிஜமில்லை’ என்று சொல்கிறார். வினாத்தாள் வெளியான பிறகு தேர்வு எழுத வந்த மாணவி மாதிரி. எதிரே இருப்பவன் சுட்டாலும் அவன் கற்பனைதான் என்றால், பார்ப்பவருக்கு எங்கிருந்து பதற்றம் வரும்?

அப்போதைய விமர்சனங்கள் பலவற்றின் அடியில் ‘சாம் டைலர் இல்லையே’ என்ற ஏக்கம் இருந்தது. நோய் அதுவல்ல என்பது என் கருத்து. சாம் இருந்திருந்தாலும், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தால் இதே சலிப்புதான் வந்திருக்கும். ஆள் மாறியதால் வந்த குறையல்ல இது. எழுத்தாளர்கள் போட்ட அஸ்திவாரத்திலேயே இருந்த குறை.

இரண்டாவது புகார், தொனி. ‘லைஃப் ஆன் மார்ஸ்’ பழுப்பும் சாம்பலுமாக, சிகரெட் புகையோடு இருக்கும். இது பளபளப்பு, நியான், தோள்பட்டை வைத்துத் தைத்த உடை, அலெக்ஸுக்கும் ஜீனுக்கும் இடையே காதலா சண்டையா என்று தெரியாத சீண்டல். இது தொடரின் குற்றமா அந்தப் பத்தாண்டின் குற்றமா என்று கேட்டால், பாதிப் பாதி.

கீலி ஹாஸின் நடிப்பு அவ்வளவு மோசமா?

இல்லை. திட்டு முழுக்க அவர் தலையில் விழுந்ததுதான் அந்த வருடத்து அநியாயம். அலெக்ஸைக் கிளுகிளுப்பாகவும் பதறிப்போகும் பெண்ணாகவும் எழுதிவிட்டு, அதைச் சத்தமாக நடிக்கவும் சொன்னால் எரிச்சலாகத்தான் இருக்கும். முதல் சில எபிசோடில் அவர் குரல் உச்சத்திலேயே நின்றது உண்மை. ஆனால் அப்பா அம்மா சம்பந்தப்பட்ட காட்சிகளைப் பாருங்கள். அலெக்ஸ் சிறுமியாக இருந்தபோது, 1981 அக்டோபரில், பெற்றோர் இருவரும் கார் வெடித்து இறந்துபோனார்கள். அந்த வருடத்திலேயே வந்து விழுந்திருக்கும் மகள், அதைத் தடுத்துவிட்டால் ஊருக்குத் திரும்பலாம் என்று நம்புகிறாள். அந்தப் பகுதிகளில் ஹாஸ் நன்றாகச் செய்திருப்பார்.

இரண்டாவது சீசனிலிருந்து அந்தக் ‘கற்பனை’ வசனங்களைக் குறைத்துவிட்டார்கள். அலெக்ஸ் நிஜமான போலீஸ் வேலை பார்க்கத் தொடங்கினார். அதே நடிகைதான், அவரைப் பற்றிய பேச்சு மாறிவிட்டது.

ஜீன் ஹன்ட் ஏன் இவ்வளவு சர்ச்சைக்குரியவர்?

பெண்களைப் பற்றியும் சிறுபான்மையினரைப் பற்றியும் ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றியும் அவர் வாயில் வருவதைக் கேட்டால் இன்றைக்கு எந்த ஸ்டேஷனிலும் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார். முதல் தொடரில் அதற்குப் பதில் சொல்ல சாம் இருந்தார். ஜீனைப் பார்த்துச் சிரிப்போம், உடனே சாமின் முகத்தைப் பார்த்து நெளிவோம். அந்த நெளிவுதான் தொடரின் நேர்மை.

கிளைத்தொடரில் ஜீன் நட்சத்திரமாகிவிட்டார். சிவப்பு ஆடி குவாட்ரோ காரிலிருந்து இறங்கும்போது கேமரா அவரது பாம்புத்தோல் பூட்ஸில் ஆரம்பித்து மேலே போகும். இது கிட்டத்தட்ட நம்மூர் ஹீரோ என்ட்ரி. விசில் அடிக்கவைக்கிற மாதிரி ஒருவரை எடுத்துவிட்டு, ‘நாங்கள் அவரைக் கிண்டல் செய்கிறோம்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பழைய போலீஸ் முரட்டுத்தனத்தை ஏக்கத்தோடு கொண்டாடுகிறார்கள் என்ற விமர்சனம் இங்கேதான் பிறந்தது. முதல் சீசனைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது.

கிளெனிஸ்டர் நடிப்பைக் குறை சொன்னவர்கள் குறைவு. தொடர் பிடிக்காதவர்கள்கூட அவரைப் பிடிக்கவில்லை என்று எழுதவில்லை.

80-களைச் சரியாகக் காட்டினார்களா?

மேலோட்டமான விஷயங்களில் அமோகம். பிளிட்ஸ் கிளப் காட்சியில் அந்தக் காலத்துப் பாடகர் ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சே வந்து பாடுவார். கார் பிரியர்கள் மட்டும் விடவில்லை: வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த குவாட்ரோ 1981-ல் பிரிட்டனில் விற்பனைக்கே வரவில்லை. இந்தத் தொடரைப் பற்றி அதிகம் சுட்டிக்காட்டப்பட்ட பிழை இதுதான். கனவா நினைவா என்று தெரியாத உலகத்தில் கார் மாடலைப் பிடித்துச் சண்டை போடுவதில் ஒரு தனி சுகம் போல.

ஆழமான விஷயங்களில் கலவை. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதல், அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபு, அந்த நவம்பரில் வந்த அறிக்கை எல்லாம் பிரிட்டிஷ் போலீஸ் வரலாற்றில் திருப்புமுனைகள். முதல் சீசனின் இறுதியில் ஸ்கார்மன் ஸ்டேஷனுக்கு வருகிறார். மூத்த நடிகர் ஜெஃப்ரி பாமர் அந்த வேடத்தில். வாய்ப்பு அருமை. ஆனால் காட்சி பெரும்பாலும் ஜீனுக்குக் கைதட்டல் வாங்கித்தருவதிலேயே முடிந்துபோகிறது. தெருவில் அடிவாங்கியவனின் பக்கம் தொடர் அதிக நேரம் நிற்கவில்லை. இதைத்தான் விமர்சகர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்; அவர்கள் சிகையலங்காரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சீசனில் கருத்து ஏன் மாறியது?

2009 ஏப்ரலில் வந்த இரண்டாவது சீசன், 1982-க்கும் அர்ஜென்டினாவுடனான ஃபாக்லாந்து போருக்கும் நகர்ந்தது. கதையின் முதுகெலும்பு போலீஸ் ஊழல். மேலிடத்திலேயே அழுகல், ஸ்டேஷனுக்குள்ளேயே துரோகி, ஜீன் ஹன்ட் யார் பக்கம் என்ற கேள்வி. மேலதிகாரி மெக்கின்டாஷ் வேடத்தில் ரோஜர் ஆலம். பின்னாளில் ‘எண்டவர்’ தொடரில் தர்ஸ்டேயாக வந்தவர். இன்னொரு முக்கியமான ஆள் மார்ட்டின் சம்மர்ஸ். அலெக்ஸைப் போலவே நிகழ்காலத்திலிருந்து வந்து விழுந்த ஊழல் போலீஸ்காரர். நடித்தவர் ஏட்ரியன் டன்பார். பின்னர் ‘லைன் ஆஃப் டியூட்டி’யில் ஊழல் போலீசைத் துரத்துவதையே வேலையாக வைத்திருந்த அதே டன்பார். இப்போது பார்த்தால் அதுவே ஒரு வேடிக்கை.

சம்மர்ஸ் வந்ததும் அஸ்திவாரக் குறை தானாகச் சரியானது. இந்த உலகம் அலெக்ஸின் கற்பனை மட்டுமே என்றால் இன்னொருவர் எப்படி உள்ளே வந்தார்? அலெக்ஸுக்குத் தெரிந்த விடை தப்பாகிவிட்டது. அவருக்குப் பயம் வந்தது, நமக்கும் வந்தது. இருட்டு கூடியதையும், ரே, கிறிஸ், பெண் கான்ஸ்டபிள் ஷாஸ் மூவருக்கும் தனித்தனிக் கதை கிடைத்ததையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். குறிப்பாக ரே. முதல் தொடரில் வெறும் முரடனாக இருந்தவரை டீன் ஆண்ட்ரூஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிதாபத்துக்குரிய மனிதனாக்கியிருப்பார்.

தேர்தல் போஸ்டர் கதை என்ன?

2010 ஏப்ரல். மே 6-ல் பொதுத்தேர்தல், மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. லேபர் கட்சி ஒரு போஸ்டர் வெளியிட்டது: கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன், ஜீன் ஹன்ட் மாதிரி குவாட்ரோவின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்; நாட்டை 1980-களுக்குத் திருப்பிக்கொண்டுபோக இவரை விடாதீர்கள் என்று வாசகம். கன்சர்வேடிவ் ஆட்கள் உடனே அதே படத்தை எடுத்து, ‘குவாட்ரோவைக் கிளப்பு’ என்ற ஜீனின் பிரபலமான வசனத்தை மேலே போட்டு, தங்கள் விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

லேபர் செய்த கணக்குப் பிழை தெளிவு. ஜீன் ஹன்ட்டைப் போல் இருக்கிறார் என்று சொன்னால் அது வசை என்று நினைத்தார்கள், மக்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன ‘கொண்டாடுகிறார்கள்’ விமர்சனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

கடைசி எபிசோடை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

இங்கிருந்து அடுத்த இரண்டு பதில்களும் முடிவைச் சொல்லிவிடும். பார்க்க உத்தேசம் இருந்தால், விருதுகள் பற்றிய கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

ஜீனின் உலகம் கோமாக் கனவு அல்ல. அகால மரணமடைந்த போலீஸ்காரர்கள் மனக்கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடைப்பட்ட உலகம். ரே, கிறிஸ், ஷாஸ் எல்லோரும் எப்போதோ செத்தவர்கள், அதை மறந்துவிட்டவர்கள். ஜீனும் அப்படித்தான். 1953-ல், எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய நாளில், சுடப்பட்டு இறந்த ஒரு இளம் கான்ஸ்டபிள். நாம் ஐந்து சீசனாகப் பார்த்த அந்த முரட்டு ஆள், வாழ்ந்தே பார்க்காத ஒரு பையன் தனக்காகக் கட்டிக்கொண்ட உருவம். இன்னொரு பக்கம் ஜிம் கீட்ஸ்: கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசும் உள்விசாரணை அதிகாரி. அவர்தான் இவர்களைக் கீழே இழுக்க வந்த சாத்தான். டேனியல் மேஸ் அந்த வேடத்தில் கடைசி அரைமணி நேரம் கக்கிய விஷம், தொடரிலேயே சிறந்த நடிப்புகளில் ஒன்று. ஒவ்வொருவரும் ‘ரயில்வே ஆர்ம்ஸ்’ மதுக்கடைக்குள் நுழைந்து விடைபெறுகிறார்கள். அலெக்ஸும் இறந்துவிட்டார், மகளிடம் திரும்பவே முடியாது.

பெரும்பாலான விமர்சகர்கள் மனதார வரவேற்றார்கள். முதல் சீசனில் கடுமையாக எழுதியவர்கள் சிலர்கூட இறங்கிவந்தார்கள். ஐந்து சீசனாக இழுத்த புதிருக்கு நேரான விடை சொன்னதே பெரிய விஷயம் என்ற நன்றி அதில் இருந்தது. குறை சொன்னவர்கள் இரண்டு சொன்னார்கள்: மத நெடி தூக்கல், எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்கள். இரண்டாவதோடு எனக்கு உடன்பாடு. சாம் டைலர் மாடியிலிருந்து குதித்து 1973-க்குத் திரும்பியபோது, அது சந்தோஷமா தற்கொலையா என்று நாமே முடிவு செய்துகொள்ள இடம் இருந்தது. இந்த முடிவு அந்த இடத்தையும் சேர்த்து அடைத்துவிட்டது. கிளை, தன் மரத்தின் முடிவையும் மாற்றி எழுதிவிட்டது என்று சொல்லலாம். ஆனாலும் இளம் கான்ஸ்டபிளின் முகம் தெரியும்போது தொண்டை அடைக்கத்தான் செய்தது.

இறுதியில் வரும் பழைய கறுப்பு வெள்ளைப் போலீஸ்காரர் யார்?

ஜார்ஜ் டிக்சன். பிரிட்டிஷ் டிவி போலீஸ் தொடர்களின் தாத்தா. 1950-ல் வந்த ‘தி ப்ளூ லாம்ப்’ படத்தில் ஜாக் வார்னர் நடித்த டிக்சன், படத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போவார். ஆனால் 1955-ல் பிபிசி அவரை உயிரோடு கொண்டுவந்து ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடரைத் தொடங்கியது. 1976 வரை ஓடியது.

அதாவது அதுவே ஒரு கிளைத்தொடர், அதன் நாயகனே செத்தபின் வேலைக்கு வந்த போலீஸ்காரர். 50-களில் சுடப்பட்ட ஜீனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது. இதைக் கவனித்தவர்கள் அப்போது ரொம்பவே ரசித்தார்கள். முடிவில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பும் இதுதான், ஏனென்றால் இதை மட்டும்தான் யாரும் வாய்விட்டு விளக்கவில்லை.

விருதுகள்?

பெரிய விருதுகள் தாய்த் தொடருக்கே. ‘லைஃப் ஆன் மார்ஸ்’ 2006-லும் 2008-லும் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி வாங்கியது. கிளைக்கு அந்த அளவு கௌரவம் அமையவில்லை.

அமெரிக்கர்கள் எடுத்ததும் இதுதானா?

இல்லை, அவர்கள் எடுத்தது முதல் தொடரை. ஏபிசி 2008-09-ல் ஒளிபரப்பிய அதில் ஜீன் ஹன்ட்டாக ஹார்வி கைட்டல், சாமாக ஜேசன் ஓமாரா. 17 எபிசோடில் நிறுத்திவிட்டார்கள். அதன் முடிவில் எல்லோரும் செவ்வாய்க்குப் போகும் விண்வெளி வீரர்கள் என்று தெரியவரும். ஆமாம், நிஜமாகவே. அதைப் பார்த்துவிட்டு ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ முடிவைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

முதல் தொடரைப் பார்க்காமல் இதை மட்டும் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் வேண்டாம். ஜீன் யார் என்ற கேள்வி ஐந்து சீசனாக விளைந்தது. கடைசி மூன்றை மட்டும் பார்த்தால் விடை கிடைக்கும், கேள்வி கிடைக்காது. 16 எபிசோடு என்பது இரண்டு வார இறுதிகளில் முடிகிற வேலை. அப்புறம் இதைத் தொடங்குங்கள். முதல் சீசனின் முதல் நான்கு எபிசோடில் அலுப்புத் தட்டினால் அது உங்கள் தவறல்ல, 2008-லும் பலருக்குத் தட்டியது. சீசன் இறுதி எபிசோடை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். அலெக்ஸை ஒரு கோமாளி துரத்திக்கொண்டே இருப்பான்; அவன் யார் என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொரு தொடர் வருமா?

‘லாசரஸ்’ என்ற பெயரில் கிரஹாமும் ஃபரோவாவும் மறுபடி திட்டமிட்டார்கள். சாம் டைலரும் ஜீன் ஹன்ட்டும் திரும்ப வருவார்கள் என்ற செய்தியில் ரசிகர்கள் குதித்தார்கள். 2023-ல் கிரஹாமே, பணக் காரணங்களால் அது நடக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். பழைய ரசிகனாக வருத்தம்தான். ஆனால் 2010-ல் அவ்வளவு தெளிவாக அடைத்த கதவை எப்படித் திறந்திருப்பார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.